மணலும் கணமும்

பினாங்குத் தீவு எரிமலை கக்கி எழுப்பியதன்று. எனினும், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூகர்ப்பத்திலேயே வெளிவர வழியின்றி மெல்லக் குளிர்ந்து இறுகிய அக்கினிக் குழம்புதான் இன்று கொடிமலையாக நிமிர்ந்து, மழையில் சிதைந்து, பத்து ஃபெரிங்கிக் கரையில் மணலாகக் கிடக்கிறது. அக்கரையை ஒரு நொடியின் சிறு கூற்றில் காமிராவுக்குள் அடைக்கும் அன்பர்கள் எதைத்தான் பிடிக்கின்றனர்?

இத்தீவின் பர்மா சந்தில் சயனித்திருக்கும் புத்தர்பிரானின் சந்நிதியில் இவ்வினாவை எழுப்பினால், தோன்றிய கணத்திலேயே மறையும் தர்மங்களின், அதாவது கணநேர நிகழ்வுகளின், தொடர்ச்சியே உலகமாகையால், படத்திலுள்ள அலை அப்பொழுதே இல்லாதொழிந்தது என்பதே விடையாகும். கொடிமலை முருகனைத் தொழும் சைவரோ, காரியம் காரணத்திலேயே உள்ளது என்னும் சற்காரியவாதத்தைப் பற்றி நின்று, கனலில் கல்லும் கல்லில் மணலும் சூட்சுமமாக இருந்தனவென்றும், அழிவு என்பது காரணத்தில் ஒடுங்குதலேயென்றும் கூறுவர்.

மலையையும் மணலையும் பொறுத்தவரை என் மனம் சைவத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவின் கரைகளில் உயிர்களை வாரிச் சென்றதை நினைக்கும்போது, மகனின் புகைப்படத்தை மார்போடு அணைத்து அழும் ஒரு தாயிடம் ஒடுக்கத்தைப் பற்றிப் பேச நா எழவில்லை. ஆன்மா நித்தியம் என்று சித்தாந்தம் அவளுக்கு உறுதி கூறும், ஆனால் அவள் கேட்பது அந்த முகத்தை. அதற்கு நம் ஆசாரியர்கள் வகுத்த சமாதானம் என்னவென்று இன்றும் தேடி வருகிறேன்.