தன்னைப் புகழ்தல்

எங்கள் தெருத் தமிழ் வாத்தியார், 2011-ல் ஓய்வு பெற்ற கையோடு சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். டிபாசிட் 10,000 ரூபாய். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போச்சு. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"நான் நல்லவன் என்று நானே எப்படி ஐயா சொல்லிக்கொள்வது?" என்று என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

தற்புகழ்ச்சிக்கு நன்னூல் நான்கு இடங்களில் விலக்குத் தருகிறது. நம் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்பது அவற்றுள் ஒன்று. இதை எடுத்துச் சொன்னேன். (கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்!)

"ஆற்றல் என்றுதானே இருக்கிறது? குணம் என்று இல்லையே" என்றார்.

எனக்குப் பதில் ஓடவில்லை. கணக்குத் தெரியும் என்பவனைச் சோதித்துப் பார்க்கலாம். யோக்கியன் என்பவனை, பதவியைக் கொடுத்த பிறகல்லவா சோதிக்க முடியும்?

அவர் அச்சடித்த நோட்டீஸில் பெயர், சின்னம், வாத்தியாராக இருந்த வருஷங்கள், அவ்வளவுதான் இருந்தன. நான் அவருக்குத்தான் போட்டேன். அவர் தமக்குப் போட்டுக்கொண்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.