செருப்பும் சீலமும்

திருத்தலப் பயணம் குறித்து நம் குடும்பங்களில் கூடிப் பேசும்போது எந்த இரயில், எந்தத் தர்மசாலை, எத்தனை நாள் என்பனவெல்லாம் விரைவில் முடிவாகிவிடுகின்றன. காலில் எதை அணிவது என்னும் வினா எழுந்தால் மட்டும் பேச்சு நீண்டுவிடுகிறது. செருப்பே ஆகாது என்பர் சிலர். தோல் அல்லாததாயின் குற்றமில்லை என்பர் வேறு சிலர். 'நடக்க இயன்றவர் வரட்டும், இயலாதவர் வீட்டிலிருந்தே கும்பிடட்டும்' என்று சொல்லி முதியோர் மனத்தைப் புண்படுத்துவாரும் உளர். இதனை அற்ப வினா என்று ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. ஐந்து அணுவிரதங்களுள் கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் இது.

சம்மேத சிகரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் கிரிடீ மாவட்டத்தில் ஏறத்தாழ 1,365 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பாரசநாத மலை அது. இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் 20 பேர் வீடுபேறு அடைந்த புண்ணிய பூமி. அடிவாரத்து மதுபன் என்னும் ஊரிலிருந்து ஏறுவதற்கு 9 கிலோமீட்டர், மேலே திருவடிகள் அமைந்த சிறு கோயில்களை வலம் வருவதற்கு 9, இறங்குவதற்கு 9, ஆக 27 கிலோமீட்டர். பெரும்பாலோர் இதனை ஒரே நாளில் வெறுங்காலுடன் நடந்து முடிக்கின்றனர். மலைமேல் உண்பதில்லை என்னும் நியமத்தையும் பலர் காப்பதால், பொழுது சாயுமுன் இறங்கி வரவேண்டிப் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கே புறப்பட்டு விடுகின்றனர். நம் பொன்னூர் மலையையோ திருமலையையோ ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு இது முற்றிலும் வேறான சோதனை. சிரவணபெளகொளாவில் விந்தியகிரியின் அறுநூற்றுக்கு மேற்பட்ட பாறைப் படிகள் நண்பகலில் எப்படிச் சுடும் என்பதைச் சென்றுவந்தோர் அறிவர்.

துறவியர்க்கு இவ்வினாவே எழுவதில்லை. க்ஷுல்லகர்க்கு இரண்டு ஆடை, ஐல்லகர்க்குக் கோவணம் ஒன்று, ஆர்யிகையர்க்கு ஒற்றை வெண்சேலை, முனிவர்க்குத் திசைகளே ஆடை. உயிர்களை விலக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஓதுவதற்குச் சாத்திரம் என்பவற்றுக்குமேல் அவர்கள் கையில் வேறொன்றும் இல்லை. நம் நெறியில் மேலேறுவது என்பதே உடைமை குறைந்துகொண்டு போவதுதான். இல்லறத்தாராகிய நாமோ படியின் கீழே நிற்பவர்கள். நமக்கு விதிக்கப்பட்டது முற்றத் துறத்தல் அன்று, அளவிடுதல். எவ்வளவு, எதற்காக என்று நம்மை நாமே கேட்டு வரையறுத்துக் கொள்ளுதல்.

அந்த அளவுகோல் எது? உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் கொலைக் குற்றத்தின் வேரை மனத்தின் அசட்டையில் காண்கிறது. உடைமைக் குற்றத்தின் வேரைப் பொருளில் காணாது மூர்ச்சை என்னும் மயக்கத்தில் காண்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது யாத்திரைக்குரிய பொருளைத் தேர்வதற்கு எமக்கு ஒரு வழி புலப்படுகிறது. எந்தப் பொருள் நம் கவனத்தைத் தன்பால் இழுக்காமல் நடக்கும் பாதையிலேயே விட்டுவைக்கிறதோ அது தக்கது. எது கவனத்தைத் திருடுகிறதோ அது தகாதது. விரலைக் கடிக்கும் செருப்பும் கவனத்தைத் திருடும். பிறர் வியக்க வேண்டுமென்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய காலணியும் திருடும். முன்னது வலியால், பின்னது பெருமையால்.

செய்பொருளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் நம் ஊர்களுக்கு அயலூர்கள். தோல் எங்கிருந்து வருகிறது என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. செருப்பைத் தவிர்ப்போர்கூட இடுப்பு வாரையும் பணப்பையையும் கைக்கடிகாரப் பட்டையையும் மறந்துவிடுகின்றனர். குளிருக்கு வாங்கும் மெத்தென்ற மேற்சட்டைகளுள் சிலவற்றில் பறவையின் தூவி அடைத்திருப்பர். பருத்தியோ செயற்கை இழையோ என்று கேட்டு வாங்கல் வேண்டும். பட்டினைப் பற்றிச் சொன்னால் ஆரணிப் பக்கத்து உறவினர் எம்மீது வருந்துவர். ஆயினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் உள்ளிருக்கும் புழுவோடு வெந்நீரில் இடப்படுகின்றன. அதனை உடுத்திக்கொண்டு வீடுபேறடைந்தார் திருவடியில் அட்சதை இடுவது பொருந்துமா என்பதை அவரவர் மனச்சான்றுக்கு விடுகிறோம். எம் வாக்கு பருத்திக்கே.

வெறுங்கால் பற்றிய வினாவே கடினமானது. மலை முழுவதையும் கோயிலாகக் கருதும் பக்தி அதில் உண்டு. வன்மையான அடித்தோல் எறும்பையும் புழுவையும் நசுக்கும் அளவுக்கு வெறும் பாதம் நசுக்காது என்னும் கருணையும் உண்டு. வெறுங்காலுடன் நடப்பவர் மெல்ல நடப்பார். கல்லுக்கு அஞ்சியேனும் தரையைப் பார்ப்பார். ஆகவே உடல்நலம் உள்ளவர்க்கு அதுவே சிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எல்லோரையும் அவ்வாறு நடக்க வற்புறுத்தலாமா? எம் உறவில் ஒரு மூதாட்டி, நீரிழிவு நோயினர். பாதத்தில் உணர்ச்சி குன்றிவிட்டது, வெறுங்காலுடன் நடக்கலாகாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். உடன் சென்றோர், 'பகவான் காப்பார், கழற்றுங்கள்' என்றனர். கூர்ங்கல் கீறியது அவருக்குத் தெரியவே இல்லை. இரத்தத்தைக் கண்டு பின்னால் வந்தவர் சொன்ன பிறகே அறிந்தார். அந்தப் புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. யாம்தான் நொந்தோம். ஐயறிவுடைய சிற்றுயிர்க்கும் ஓரறிவுடைய புல்லுக்கும் இரங்கச் சொன்ன நெறியில் உடன்நடக்கும் ஆறறிவு உயிரின் பாதத்துக்கு மட்டும் இரக்கம் இல்லாமற் போவது எவ்வாறு? தன் விருப்பத்தால் தாங்குவது தவம். பிறர் சொல்லுக்கு அஞ்சித் தாங்குவது தவமாகாது. அதனைத் தாங்கச் செய்தவர்க்கு வினையும் உண்டு.

இதற்கு வழி இல்லாமலில்லை. சிரவணபெளகொளாவில் செருப்புக்கு இடமில்லை, காலுறைக்குத் தடையில்லை, அடிவாரத்திலேயே விற்கின்றனர். தடித்த பருத்திக் காலுறை இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாம். உணர்ச்சியற்ற பாதத்துக்கு அதுவும் போதாது என்று மருத்துவர் கூறுவாராயின், மெல்லிய அடியுடைய கித்தான் காலணி அணிந்து திருவடிக் கோயில்களின் வாயிலில் மட்டும் கழற்றலாம். அதுவும் ஒப்பாத தலமாயின் அடிவாரத்தில் நின்று வணங்குவதில் குறைவொன்றுமில்லை. அந்த முடிவை அவரே எடுக்கட்டும். காலணி வாங்குவோர் மாலைப் பொழுதில் வாங்குக. பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும், அந்த அளவே நெடுவழிக்கு ஒத்துவரும். புதியதை அணிந்து புறப்படாமல் சில வாரங்கள் வீட்டைச் சுற்றி நடந்து பழக்குதல் நலம்.

நெடுவழி நடந்தவருள் எம் நினைவுக்கு முதலில் வருபவர் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள். புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன் கண்ணகியோடு புறப்பட்டபோது அவர் எடுத்துச் சென்றவை பிச்சைப் பாத்திரம், தோளில் ஒரு துணி, கையில் பீலி. அவ்வளவே. புறப்படுமுன் வழியின் இடர்களை அவர் கூறுமிடத்தைப் படியுங்கள். கள்வரையும் விலங்கையும் சொல்லி அச்சுறுத்தவில்லை. நீர்க்கரையில் நம் கால்பட்டு நண்டும் நத்தையும் துன்புறுமே, அதனைத் தாங்க முடியாதே என்று கவல்கிறார். பின்னர்ப் பாண்டிநாட்டுக் கடுவெயிலைக் கண்ணகியின் சீறடி பொறாது என்று கோவலன் சொல்ல, நிலவொளியில் இரவுவழி நடக்கவும் இசைகிறார். நண்டுக்கு இரங்கிய அதே நெஞ்சம் ஒரு பெண்ணின் பாதத்துக்கும் இரங்கியது. வகுப்பில் அப்பகுதியைப் பாடம் நடத்திய நாள்களில் எம் மாணவியர் யாரும் இதனைக் கேட்டதில்லை, கேட்டிருக்கலாம்.

ஆயினும் இருளில் நடத்தல் குறித்து நமக்குத் தயக்கம் இருக்கவே வேண்டும். ஈரியா சமிதி என்பது பகலொளியில், முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கி நடத்தல். சிகரத்துக்குப் பின்னிரவில் ஏறும் நாம் அந்த நியமத்தைத் தளர்த்துகிறோம் என்னும் நினைவேனும் வேண்டும். ஆதலால் பையில் முதலில் வைக்கவேண்டியது நல்ல டார்ச் விளக்கு. அதனை வானத்திலும் முன்செல்வோர் முதுகிலும் அடித்து விளையாடும் இளைஞர்களைக் கண்டிருக்கிறோம். விளக்கு தரைக்கு உரியது. இயன்றவர்கள் அங்கே ஒருநாள் கூடுதலாகத் தங்கி, விடிந்த பின் புறப்பட்டுப் பாதித் தொலைவோடு திரும்பி, மறுநாளும் ஏறுவது எமக்கு உவப்பானது. ஒரே நாளில் முடித்தோம் என்னும் பெருமையும் ஒருவகை உடைமைதானே.

பெண்களின் உடை பற்றியும் ஒரு சொல். மலைக்குச் சேலையன்றி வேறு உடுத்தலாகாது என்று எம் வயதினர் சிலர் மருமகள்மாரைக் கடிந்துகொள்கின்றனர். தரையைத் துடைத்துச் செல்லும் கொசுவம் எறும்பையும் வாரும், காலையும் தடுக்கும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் தளர்ந்த பருத்திச் சுடிதார் அடக்கத்துக்கும் குறையில்லை, அகிம்சைக்கும் உதவி. மார்கழி, தை மாதங்களில் அம்மலையில் குளிர் கடுமையாக இருக்கும்; ஒரே தடித்த உடையைவிட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேலானவை, வெயில் ஏற ஏறக் கழற்றிக்கொள்ளலாம்.

ஆசிரியப் பயிற்சியின்போது எங்களுக்குச் சாரணியர் பயிற்சியும் உண்டு. நடைப்பயணத்துக்கு மூட்டை கட்டக் கற்பித்த ஆசிரியை, கட்டிய மூட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பாதியை வெளியே எடுத்துவைக்கச் சொல்வார். அணுவிரதத்தின் செய்முறைப் பாடம் அது என்று இப்போது தோன்றுகிறது. காய்ச்சி ஆறிய நீர், வடிகட்ட மடித்த துணி, ஒரு மாற்றுக் காலுறை, மருந்து, நுனியில் ரப்பர் பொருத்திய தடி; இவற்றுக்குமேல் வேண்டுவது அரிது. நீருக்கு உலோகப் பாத்திரமே கொள்க. சிகரத்தைச் சுற்றுலாத் தலமாக்கலாகாது என்று நாம் நாடெங்கும் குரலெழுப்பியதன் பின், 2023 ஜனவரியில் மத்திய அரசு அங்கே சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. அம்மலையில் நாமே ஒரு பிளாஸ்டிக் குப்பியை எறிந்துவிட்டு வருவோமாயின் யாரிடம் முறையிடுவது? சந்தால் பழங்குடியினர்க்கும் அது மராங் புரு என்னும் தெய்வமலை.

டோலியைப் பற்றிக் கேட்போர்க்கு எம் விடை இது: நடக்க இயலாதவர் ஏறுவதில் குற்றமில்லை, நடக்க இயன்றவர் ஏறலாகாது. ஏறுபவரும் தம் சுமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பையிலுள்ள ஒவ்வொரு பொருளும் தூக்குவோர் தோளில் அன்றோ ஏறுகிறது. கூலியில் பேரம் பேசாதிருத்தலும், அவர்கள் இளைப்பாறும் இடங்களில் விரைவுபடுத்தாதிருத்தலும் அந்தப் பயணத்துக்குரிய ஈரியா சமிதி.

இறங்கி வந்ததும் களைப்பில் காலுறையைச் சுருட்டிப் பையில் திணித்துவிடுவது பலரின் வழக்கம். அடிவாரத்து மரநிழலிலேயே அதனை உள்வெளியாகத் திருப்பி மெல்ல உதறுங்கள். இழைகளில் ஒட்டிவந்த எறும்போ வித்தோ அந்த மண்ணிலேயே இறங்கிக்கொள்ளும்.