மிஸ்கீன் யார்?



செஞ்சியானாலும் நாகூரானாலும், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் கையேந்தி நிற்போரை ‘மிஸ்கீன்கள்’ என்கிறோம். தாயிரா கொட்டிப் பாடி வருபவரை ‘பக்கீர்’ என்கிறோம். பிறரை ஏசவும் சிலர் இச்சொற்களையே எடுக்கின்றனர். இது முறைதானா?

ஜக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஃபகீர்களையும் மிஸ்கீன்களையும் முதலிரண்டாக வைக்கிறது திருமறை (9:60). ஷாஃபிஈ மத்ஹபில் ஃபகீரே அதிக வறியவர்; மிஸ்கீனுக்கு ஏதோ வருவாய் உண்டு, ஆனால் போதாது. ஹனஃபி மத்ஹபில் ஒன்றுமில்லாதவரே மிஸ்கீன். சூரத்துல் கஹ்ஃபிலோ (18:79), கடலில் உழைத்துப் பிழைத்த கப்பல்காரர்களே மிஸ்கீன்கள் எனப்படுகின்றனர்.

ஓரிரு கவளத்துக்காக வீடு வீடாய்ச் சுற்றுபவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிஸ்கீன் எனச் சொல்லவில்லை. போதிய பொருளின்றியும், தம் நிலை பிறர் அறியாமலும், எவரிடமும் கேளாமலும் இருப்பவரையே அவ்வாறு அழைத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது.

அப்படியானால் மிஸ்கீன் வாயிலில் மட்டும் நிற்கவில்லை. சஃப்பில் நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவராக இருக்கலாம். அடுத்த வீட்டில் அடுப்பு மூட்ட வழியின்றிக் கதவைச் சாத்திக் கொண்டிருக்கும் தாயாகவும் இருக்கலாம். அவர்கள் கேட்க மாட்டார்கள். நாம்தாம் தேடி அறிய வேண்டும். ரமலானில் சில்லறை மாற்றி வரிசையில் நிற்போருக்குக் கொடுத்ததோடு ஜக்காத் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கொடுக்கும்போதும் அவர்கள் மானம் காத்துக் கொடுங்கள்.

மனிதர் அனைவருமே அல்லாஹ்வின்பால் ஃபகீர்கள்தாம் என்கிறது திருமறை (35:15). நம் எல்லோருக்கும் உரிய பெயரை வசைச் சொல்லாக்கலாமா?

கேளாதவரின் தேவையை அறியும் கண்களை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.