ஆட்டுத்தொட்டிக் கழிவும் அடுப்புத் தீயும்

பால்பண்ணைக் கழிவுநீர், மாட்டுச் சாணம், ஆடறுக்கும் ஆட்டுத்தொட்டியில் சேரும் ரத்தம், குடல், இரைப்பைக் கசடு ஆகியவை காற்றுப்புகாத கலனில் அழுகும்போது எரிவாயு கிடைக்கிறது. பொறியியலுக்கு இதில் புதிர் எதுவும் இல்லை. சமயங்களுக்குத்தான் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அசுத்தம் என்றோ கொலையில் வந்தது என்றோ ஒதுக்கப்படும் பொருளிலிருந்து பிறந்த தீயில் சமைத்த சோற்றை என்னவென்று கொள்வது? புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசலிலும் அதை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவ மீனவர்களும் அருகருகே வாழ்வதால், இந்தக் கேள்விக்கு அங்கே ஒரே விடை இருக்க முடியாது.

கலனுக்குள் நடப்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. நுண்ணுயிர்கள் கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைத்து அமிலங்களாக்குகின்றன. வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. வாயுவில் பாதிக்குமேல் மீத்தேன். ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். மாடு ஏற்கெனவே செரித்துத் தள்ளிய மிச்சம் என்பதால் அதில் சத்து குறைவு. இறைச்சிக் கொழுப்போ அதைப்போல் பல மடங்கு தரும். ஆனால் ரத்தத்தின் புரதம் அம்மோனியாவைப் பெருக்கிக் கலனை முடக்கிவிடும் என்பதால் சாணத்தோடு கலந்தே இடுவது வழக்கம். வெளிவரும் மீத்தேனில் ஒரு கரியணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே உண்டு. அது கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவில் பிறந்ததா ஆட்டுக் குடலில் பிறந்ததா என்று அடுப்புக்குத் தெரியாது.

இஸ்லாமியச் சட்டவியல் இந்த இடத்தில் நுட்பமானது. ஓடும் ரத்தம் நஜீஸ், அதாவது அசுத்தம், என்பதில் நான்கு மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) ஒன்றுபடுகின்றன. சாணத்தில் பிரிகின்றன. உண்ணத்தக்க விலங்கின் சாணம் தூய்மையானதே என்பது மாலிகி, ஹன்பலி நிலை. தமிழகக் கடற்கரையில் பரவலான ஷாஃபி மத்ஹபில் பசுஞ்சாணமும் நஜீஸ்தான். அடுத்த வீட்டுக்காரர் வாசல் தெளிக்கும் அதே சாணம்! பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறினால் அசுத்தம் நீங்கும் என்பது ஹனபி கொள்கை. உப்பளத்தில் விழுந்து உப்பாகிப்போன கழுதை அதற்கு அவர்கள் காட்டும் புகழ்பெற்ற உதாரணம். ஷாஃபி அறிஞர்கள் இந்த விதியை மிகக் குறுக்கியே ஏற்கிறார்கள். மது தானாகப் புளித்துக் காடியாவது, தோல் பதனிடப்படுவது போன்ற சில மாற்றங்கள் மட்டுமே அவர்களுக்குச் செல்லும். நஜீஸை எரித்த சாம்பலும் அவர்களுக்கு நஜீஸ்தான். ஆனாலும் நஜீஸை எரிபொருளாக்குவதை அவர்கள் தடுக்கவில்லை, சிறிதளவு புகை படிந்தால் மன்னிக்கப்படும் என்கிறார்கள். நஜீஸ் உரமிட்ட வயலில் விளைந்த பயிரையும் அவர்கள் தூய்மையானதாகவே கொள்கிறார்கள். வறட்டி அடுப்புக்கே இவ்வளவு இடம் இருக்கும்போது சாம்பலும் கரியும் இல்லாத வாயு அடுப்புக்குத் தடை சொல்வது கடினம்.

விவிலியத்தின் எசேக்கியேல் நூலிலும் இதே கவலை உண்டு. மனித மலத்தை எரித்து அப்பம் சுடும்படி கட்டளை வருகிறது. இறைவாக்கினர் மறுத்து முறையிட, அதற்குப் பதிலாக மாட்டுச் சாணம் அனுமதிக்கப்படுகிறது. எரிபொருளுக்கும் தீட்டு உண்டு என்பதும் அதில் பேரம் பேச இடமுண்டு என்பதும் பழைய எண்ணங்களே.

சைவத்தில் சாணம் எரிந்தால் திருநீறு. நெருப்பு அங்கே அழிப்பதோடு நிற்பதில்லை, பொருளின் தரத்தையே உயர்த்துகிறது. கொல்லப்பட்ட உடலைப் பற்றியோ சைவ வழக்கு தடுமாறுகிறது. புலால் கோயிலுக்குள் வராது, ஆனால் தோல் போர்த்திய தவிலும் மிருதங்கமும் சன்னதி முன் முழங்குகின்றன. ஒலி தூய்மை, தோலைப் பதப்படுத்தியவர் தீட்டு என்ற இந்தக் கணக்கு வசதியானது, நேர்மையானது அல்ல. மீமிசல் அடங்கிய வட்டத்தின் தலைமையிடமான ஆவுடையார்கோயிலில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் என்னும் பீடம் மட்டுமே உண்டு. அங்கே புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் குவித்து, எழும் ஆவியையே நிவேதனமாக்குகிறார்கள். வடிவமற்ற இறைவனுக்கு வடிவமற்ற உணவு. அந்த மரபில் நின்று பார்த்தால் பொருளிலிருந்து எழுந்த வாயுவைப் பொருளாகவே எண்ண வேண்டியதில்லை.

ஆக, தீயின் தூய்மையைக் குறித்த கேள்வி தோன்றும் அளவுக்குப் பெரிதல்ல. கொலையில் பங்கு உண்டா என்பதே கடினமான கேள்வி. தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது என மூன்று வழியாகவும் வினை சேரும் என்பது சமணம். தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு இறைச்சியை ஏற்கலாம் என்பது தேரவாத பௌத்தம். எரிவாயுவுக்காக யாரும் ஆடு அறுப்பதில்லை, எனவே பௌத்த அளவையில் கழிவு தேறிவிடும். சமண அளவையில் தேறுமா என்பது பணத்தைப் பொறுத்தது. வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்ற திருக்குறளின் புலால் மறுத்தல் வாதமும் சந்தை வாதம்தான். கொலையில் பங்கு குறித்த தயக்கம் நம் காலத்திலும் உண்டு. 2016இல் பிரிட்டனின் புதிய 5 பவுண்டு தாளில் மாட்டுக்கொழுப்பின் சுவடு இருப்பது தெரிந்தபோது சில இந்துக் கோயில்கள் அதைக் காணிக்கையாக ஏற்க மறுத்தன. அதே நாட்டில் ஈகோட்ரிசிட்டி நிறுவனம் விலங்குக் கழிவு கலவாத மின்சாரம் என்று விளம்பரம் செய்தது.

கழிவு விஷயத்தில் பணம் எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். கழிவை அகற்ற ஆட்டுத்தொட்டி கட்டணம் செலுத்தினால் அறுப்பின் செலவு கூடுகிறது. எரிவாயு நிலையம் விலை கொடுத்து வாங்கினால் கழிவு வருமானமாகி, அறுப்பு மலிவாகிறது. தீ ஒன்றே, அறம் வேறு. பாலுக்கும் இது பொருந்தும். கறவை நின்ற மாடும் காளைக் கன்றும் எங்கே போகின்றன என்று கேட்காமல் பால்பண்ணை வாயுவை மட்டும் கொலையற்றது என்று சொல்ல முடியாது. ஷாஃபி சட்டமும் வேறு வழியாகப் பணத்திடமே வந்து சேர்கிறது. நஜீஸை விற்பது அங்கே செல்லாது. தன் கைவசம் இருப்பதை விட்டுக்கொடுப்பதற்கு ஈடு பெறலாம். பக்ரீத் நாட்களில் குர்பானிக் கழிவைத் திரட்டும் ஜமாஅத்தோ ஊராட்சியோ நிலையத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது, விற்பனை என்பதற்குப் பதில் அகற்றும் கூலி என்று எழுதினால் ஷாஃபி, சமணம் ஆகிய இரு மரபுகளின் தடையும் ஒருசேர நீங்கும்.

பன்றிக் கழிவு மட்டும் இந்த வழிக்குள் அடங்காது. ஷாஃபி மத்ஹபில் நாயும் பன்றியும் கடும் நஜீஸ். தொட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். வாயுவுக்கு விலக்கு கிடைத்தாலும் வயலுக்குப் போகும் கசடைக் கையாள்பவருக்கு அது கிடைக்காது. எனவே கலப்பு ஊர்களில் அதற்குத் தனிக் கலன் வைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.