தப்பான பெயர், தவறான ஆள்

ஒரு பூச்சிக்கு நாம் வைத்த பெயர் தப்பு என்று தெரிந்தால் அதைத் திருத்தியே ஆகவேண்டுமா? தனக்கு ஒரு பெயர் இருப்பதே பூச்சிக்குத் தெரியாது. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது வரப்போவதில்லை. அப்படியிருக்க, அதன் பெயரைச் சரியாகச் சொல்வது நம் கடமை என்று எப்படிச் சொல்வது? கேமரன் மலைக்கு விட்டில் பார்க்கப் போய்வரத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நான் பார்க்கப் போவது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை. அறிவியலில் லித்தோசீனி என்பார்கள். உலகம் முழுக்க 3000க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. பெரும்பாலும் சின்னப் பூச்சிகள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறச் சிறகுகளில் கறுப்புப் புள்ளியும் கோடுமாக இருக்கும். தேயிலைக்கும் இவற்றுக்கும் பகை கிடையாது. புழுப் பருவத்தில் இவை தின்பது மரப்பட்டையிலும் பாறையிலும் படர்ந்திருக்கும் கல்பாசியை. ஆமாம், செட்டிநாட்டுக் குழம்பில் தாளிக்கப் போடுகிறோமே, அந்தக் கல்பாசியின் சொந்தங்கள்தான். பிரிஞ்சாங் மலையில் தேயிலைச் சரிவு முடிந்து பாசிக்காடு தொடங்கும் இடத்தில் இந்த உணவுக்குப் பஞ்சமே இல்லை. இரவில் விளக்கெரியும் எந்தச் சுவரிலும் நாலைந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

கல்பாசி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கல்லில் மட்டும் வளர்வதில்லை. வெறும் பாசியும் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது என்று 1860களின் கடைசியில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் சொன்னார். அன்றைய கல்பாசி நிபுணர்கள் பலர் அதை ஏற்க மறுத்துச் சண்டை போட்டார்கள். இன்று அது பள்ளிப் பாடம். ஆனாலும் நாம் கல்பாசி என்றே சொல்கிறோம், அதனால் குழம்பு கெட்டுப்போவதில்லை. இப்படி ஆளைக் குழப்பாத தப்புப் பெயர்களும் உண்டு.

இந்த விட்டில்களுக்குப் பெயர் வைத்த கதையில் தேயிலையும் கலந்திருக்கிறது. ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் தேயிலைத் துரையாகத்தான் நீலகிரிக்கு வந்தார். அங்கே பூச்சிப் பித்துப் பிடித்து லண்டனுக்குத் திரும்பினார். நீலகிரிப் பூச்சிகளைப் பற்றிய அவர் நூல் 1891இல் வந்தது. பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் விட்டில்களைப் பற்றி நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896க்குள் எழுதினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெரும் பட்டியலில் 1900இல் வந்த இரண்டாம் தொகுதி நம்ம கல்பாசி விட்டில்களுக்கானது. கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929இல்தான். அதாவது, இங்கே முதல் தேயிலைச் செடி ஊன்றப்படும் முன்பே இந்தக் கூட்டத்தின் பதிவேட்டை ஒரு பழைய தேயிலைத் துரை எழுதி முடித்திருந்தார்.

பதிவேடு என்றால் பிழையும் உண்டு. அந்தக் காலத்தில் கையில் இருந்தவை ஊசி குத்திய, சாயம் போன உடல்கள். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் வேறுபட்டால் இரண்டு இனம் என்று எழுதினார்கள். இரண்டு இனங்கள் ஒரே சாயலில் இருந்தால் ஒன்று என்று எழுதினார்கள். ஹாம்ப்சன் சிறகு நரம்புகளின் ஓட்டத்தைப் பெரிதும் நம்பினார். இன்று ஆன்டன் வோலின்கின், கரேல் செர்னி போன்றவர்கள் வயிற்று நுனியை வெட்டி, காரத்தில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து, பழைய ஒன்றைப் பலவாகப் பிரிக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் மாலை தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பூச்சிக்குப் பேரு மாத்தி என்ன தம்பி ஆவப்போவுது? அது வந்து உங்ககிட்ட ஐசி கேட்டுச்சா?"

"அது கேக்கல ஐயா."

"அப்பறம்?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து, ஐசி என்று அவரே சொன்னதாலோ என்னவோ, அவரே தன் கதைக்கு வந்தார். அவருடைய பிறப்பைப் பதியப் போனது அவர் பெரியப்பா. எழுதியவர் கூட வந்த ஆளையே தகப்பன் என்று எழுதிவிட்டார். அவர் பெயரின் எழுத்துக் கோர்வையும் கோணல்தான். ஆனால் அதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை. "பேர எப்பிடி எழுதுனாலும் கூப்பிட்டா திரும்பிப் பாப்பேன் தம்பி. ஆனா எங்கப்பா செத்தப்ப, அவரு என் அப்பான்னு எந்தக் காயிதத்திலயும் இல்ல. சேமநிதிக் காசுக்கு அஞ்சு வருஷம் அலைஞ்சேன்."

அவர் பிரித்துச் சொன்ன இரண்டும் வேறு வேறு பிழைகள். ஒன்று, தப்பான பெயர். மற்றது, தவறான ஆள்.

மலேசியத் தமிழர்களுக்கு முதல் பிழை புதிதில்லை. லட்சுமி பதிவேட்டில் லெட்சுமி ஆனாள். முனியாண்டியின் ரோமன் எழுத்து ஒய்யில் முடிந்தது. கிராணி காதில் விழுந்ததை எழுதினார், அது நிலைத்தது. இன்று அந்தக் கோணல் எழுத்துத்தான் அந்தக் குடும்பத்தின் பெயர். பேரன் அதை மாற்ற நினைப்பதில்லை. மாற்றச் சொல்ல நமக்கும் உரிமையில்லை.

விலங்கியல் பெயரிடலுக்கு அனைத்துலக விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இப்போதைய நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதுவும் இதையேதான் சொல்கிறது. வேற்று மொழிச் சொல்லை லத்தீனுக்குக் கொண்டுவரும்போது நேர்ந்த எழுத்துப் பிசகு, திருத்தவேண்டிய பிழையாகக் கொள்ளப்படாது. பெயரின் பொருள் பொருத்தமில்லை என்பதற்காகவும் அதைத் தள்ள முடியாது என்கிறது 18ஆம் பிரிவு. நியூகினிப் பக்கத்துச் சொர்க்கப் பறவை ஒன்றுக்கு 1758இல் லின்னேயஸ் அப்போடா என்று பெயர் வைத்தார். காலில்லாதது என்று பொருள். ஐரோப்பாவுக்கு வணிகத்தில் வந்த தோல்களில் காலை வெட்டியிருந்தார்கள். பறவைக்கு நல்ல திடமான கால் இரண்டு உண்டு. பெயர் மட்டும் இன்றும் அப்போடாதான். யாருக்கும் குழப்பமில்லை, ஏனென்றால் அந்தப் பெயர் அந்தப் பறவையைத்தான் குறிக்கிறது.

இரண்டாம் பிழையில் விதிக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூல மாதிரி உண்டு. இனத்தின் பெயர் ஊசி குத்தி வைத்த ஓர் உடலோடும், பேரினத்தின் பெயர் ஓர் இனத்தோடும் கட்டப்பட்டிருக்கும். நம் காதுக்கு நெருக்கமான ஓர் உதாரணம்: அசுரா. 1854இல் பிரான்சிஸ் வாக்கர் வைத்த பேரினப் பெயர் இது. பிற்பாடு ஆசியாவின் மஞ்சளும் சிவப்புமான கல்பாசி விட்டில்கள் ஏராளமாக இதற்குள் அடைக்கப்பட்டன. எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் போடும் பரண் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அசுரா என்ற பெயர் கட்டப்பட்டிருக்கும் மூல இனம் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நம் பக்கத்து அசுராக்கள் பலவும் அசுரர்களே இல்லை. அவற்றை வேறு பேரினங்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெயரின் மேல் குறையொன்றுமில்லை. அது போய் உட்கார்ந்த இடம்தான் தவறு.

சரி, பெரியவருக்குச் சேமநிதி. பூச்சிக்கு என்ன? மலை உயரத்தில், பாசிக்காட்டில் மட்டும் வாழும் ஓர் இனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயல் ஒன்றாக இருப்பதால் அதை எங்கும் பரவிய சமவெளி இனம் என்று பதிந்துவிடுகிறோம். நாளைக்குக் காய்கறித் தோட்டத்துக்காகச் சரிவை வழிக்கிறார்கள். கேமரன் மலையில் அது நடக்காத விஷயமில்லை. காட்டோடு அந்த விட்டிலும் போகிறது. ஆனால் பதிவேட்டில் எதுவும் குறையாது. அந்தப் பெயருள்ள பூச்சி ஈப்போவிலும் இருக்கும், தாய்லாந்திலும் இருக்கும். ஓர் உயிர் மொத்தமாக இல்லாமல்போய், கணக்கில் ஒரு துளியும் குறையாமல் இருப்பதற்கு அந்த ஒரு தவறான பெயர் போதும். பெயரே இல்லாததை யாராவது ஒருநாள் தேடுவார்கள். வேறொன்றின் பெயரில் இருப்பதைத் தேட யாருக்கும் தோன்றாது. திருத்துவது கடமை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் திருத்துகிறவருக்கும் சில கடமைகள் உண்டு. முதலாவது, பழையதை அழிக்காமல் திருத்துவது. இந்த விஷயத்தில் விலங்கியலாளர்களின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். ஓர் இனத்தை வேறு பேரினத்துக்கு மாற்றினால் முதலில் பெயரிட்டவரின் பெயரை நீக்குவதில்லை, அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். அந்தக் குறியைப் பார்த்தாலே இது வீடு மாறிய பெயர் என்று தெரிந்துவிடும். வாக்கர் ஆயிரக்கணக்கில் அவசரமாகப் பெயர் வைத்தவர். 1874இல் அவர் இறந்தபோது ஓர் இங்கிலாந்துப் பூச்சியியல் இதழ் இரங்கல் குறிப்பிலேயே அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது. செத்த வீட்டில் பேசக்கூடாத பேச்சு. ஆனால் அவர் பெயரும் ஆண்டும் இன்றும் நூற்றுக்கணக்கான விட்டில்களின் பின்னால் நிற்கின்றன. அவரைத் திருத்துகிறவர்களே அதை எழுதுகிறார்கள். பிழையின் தடம் தெரிந்தால்தான் நாளைக்கு நம் திருத்தத்தையும் ஒருவர் சோதிக்க முடியும்.

இரண்டாவது, மரியாதைக்காக ஆமாம் போடாமலிருப்பது. நம் ஊர்ப் பழக்கத்தில் மூத்தவர் ஒரு பெயர் சொன்னால் மறுப்பது அவமதிப்பு. பூச்சிப் படங்களிலும் இதே கதைதான். விவரம் தெரிந்தவர் ஒருவர் பெயர் போட்டதும் அடுத்து வருபவர் பார்க்காமலே வழிமொழிகிறார். இரண்டு பேர் சொல்லிவிட்டதால் மூன்றாமவருக்கு அது உண்மையாகிவிடுகிறது. உண்மையில் அங்கே பூச்சியைப் பார்த்தவர் ஒருவர்தான். மற்ற இருவரும் பார்த்தது அவரை.

மூன்றாவதுதான் கஷ்டமானது. பல கல்பாசி விட்டில்களை உடலைத் திறக்காமல் உறுதி செய்யவே முடியாது; அதற்கு அதைக் கொல்ல வேண்டும். ஓர் இனம் இருக்கிறது என்று நிரூபிக்கச் சில உயிர்களை எடுப்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. காட்டை வழிப்பவரோடு ஒப்பிட்டால் ஆய்வாளரின் ஊசி சின்ன விஷயம். ஆனால் நான் ஆய்வாளன் இல்லை. என் ஆசைக்காக, ஒரு பெயர் தெரிந்துகொள்ளும் திருப்திக்காகக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படியென்றால் அதற்குரிய விலையை நான் கொடுக்கவேண்டும். என்ன விலை? தெரியாது என்று எழுதுவதுதான்.

சையானா என்றொரு பேரினம் உண்டு. ஒரு காலத்தில் பைசோன் என்றும் கியோனேமா என்றும் பதிவானது. இதன் புழு தன் உடம்பு முடியையே கொண்டு வலைக்கூண்டு பின்னி, அதன் நடுவே கூட்டுப்புழுவாகத் தொங்கும். வெள்ளைச் சிறகில் சிவப்புப் பட்டைகளோடு வெளியே வரும் பூச்சியைப் பேரினம்வரை நான் சொல்லிவிடுவேன். அதற்குமேல் சொல்லப் பல நேரம் படம் இடம் கொடுக்காது. ஆகவே என் குறிப்பேட்டில் சையானா என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு, தேதியும் உயரமும் குறித்த வரிகள் நிறைய இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது பார்த்து நிரப்பட்டும். அதுவரை அந்த இடத்தில் வேறொரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்காமல் இருப்பது என் பொறுப்பு.