துளையிடுவோனும் அறியாமையின் பாரமும்

மாசுற்ற நிலமொன்றிலே துளையிடும் தொழிலாளி விசித்திரமானதொரு நிலையில் நிற்கின்றான். நிலத்தடியில் யாது உளது என்பதை அறிதற்பொருட்டே துளை இடப்படுகின்றது. ஆயின் அது அறியப்படுமுன்னரே அதனை எதிர்கொள்பவன் அவனே. மண்மாதிரி ஆய்வுகூடத்தை அடைந்து அறிக்கை எழுதப்படுமுன் அந்நிலத்தின் ஆவியை அவனது நுரையீரல் அறிந்துவிடுகின்றது. பிறர் அறிவு பெறுதற்கு ஒருவனது உடல் கருவியாதல் எங்ஙனம் நியாயமாகும் என்பதே இங்கு எழும் வினா.

அவன் இசைந்தே வந்தான், கூலியும் பெற்றான் என்பது வழமையான விடை. ஆனால் இசைவு அறிவை வேண்டி நிற்பது. மேற்கு வேர்ஜினியாவில் 1930ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹோக்ஸ் நெஸ்ட் சுரங்க வேலையில் சிலிக்கா செறிந்த பாறை உலர்நிலையில் துளைக்கப்பட்டது. நீர் பாய்ச்சினால் தூசி அடங்கும் என்பது அன்று அறியப்படாததன்று. உலர்துளைப்பு விரைவானது, அவ்வளவே. மேற்பார்வையிட வந்தோர் முகமூடி அணிந்தனர், துளையிட்டோருக்கு அது வழங்கப்படவில்லை என 1936இல் அமெரிக்கக் கொங்கிரசின் உபகுழுவொன்றின் முன் சாட்சியம் அளிக்கப்பட்டது. தொழிலாளரிற் பெரும்பாலோர் மந்தகாலத்தில் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். இறந்தோர் ஏறத்தாழ 764 பேர் என மார்ட்டின் சேர்னியக் 1986இல் வெளியிட்ட நூல் மதிப்பிடுகின்றது. அவர்களது இசைவை இசைவெனக் கூறுதல் சொல்லுக்கே இழுக்காகும்.

அங்கே அறிவு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. மாசுற்ற நிலத்திலோ எப்பக்கத்திலும் முழு அறிவு இல்லை. நயாகரா நகரின் லவ் கால்வாயில் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 தொன் இரசாயனக் கழிவு புதைக்கப்பட்டு, பின் அந்நிலம் ஒரு டொலருக்குக் கல்விச் சபையிடம் கைமாறிற்று. (விலை மலிவு என்பதில் ஐயமில்லை.) இத்தகைய நிலங்களிற் புலன்களை நம்புதலும் இயலாது. பென்சீனின் மணம் புலப்படுமுன்னரே, அதன் செறிவு அமெரிக்க விதி வேலைநாளொன்றுக்கு அனுமதிக்கும் மில்லியனில் ஒரு பங்கு என்னும் எல்லையைக் கடந்திருத்தல் கூடும். ஐதரசன் சல்பைட்டோ செறிவு மிகும்போது மோப்ப ஆற்றலையே மழுங்கச் செய்துவிடும்; மணம் அகன்றது கண்டு ஆறுதலடைபவன் அவ்வேளையிலேதான் பெரும் ஆபத்தில் இருக்கின்றான். அனுபவசாலியின் மூக்கு என்று பெருமையுடன் பேசப்படுவது இவ்விடத்திற் பயனற்றது.

லவ் கால்வாயின் பின்னெழுந்த சட்டங்களின் வழிவந்து 1990இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதி இவ்விடயத்தில் நோக்கற்பாலது. ஆபத்து இன்னதென இனங்காணப் போதிய தகவல் இல்லையெனில், முதன்முதல் நுழைவோர்க்கு மிகவுயர்ந்த சுவாசப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டும் என்கின்றது அது. அறியாமை இங்கு ஆபத்தாகவே கொள்ளப்படுகின்றது. நிறுவும் பொறுப்பு தொழிலாளியின் தோளினின்றும் இறக்கப்படுகின்றது.

ஆயினும் விதி ஏட்டிலுள்ளது, கூலி கையிலுள்ளது. கவசத்தினுள் வெப்பம் தாங்கொணாதது. துளையின் ஆழத்துக்கேற்பப் பணம் கணிக்கப்படும் இடத்தில், மானி எச்சரிக்கும்போது இயந்திரத்தை நிறுத்துபவன் தன் சகாக்களின் வருவாயையும் சேர்த்தே நிறுத்துகின்றான். அந்நேரத்துக்குரிய கூலியை எவர் கொடுப்பர் என்பது முன்கூட்டியே எழுதப்படாதவிடத்து, நிறுத்தும் உரிமை அவனுக்கு உண்டெனல் வெறும் உபசாரமே. மருத்துவப் பதிவுகளை வேலை முடிந்து 30 ஆண்டுகள் பேணவேண்டும் எனவும் அவ்விதி பணிக்கின்றது. நோய் அத்துணைக் காலம் தாழ்த்தும் வரலாம். அன்று அவனை வேலைக்கமர்த்திய ஒப்பந்தக்காரர் அப்போது தொழிலில் இருப்பாரா என்பது வேறு வினா.