ஒப்புமையும் பிரமாணமும்

கருந்துளையினின்று ஒளியும் மீளாது என்பது சாஸ்திர உலகின் உறுதியான கொள்கையாக இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டு ஸ்டீபன் ஹாக்கிங், அதன் எல்லையிலிருந்து மிக நுண்ணிய வெப்பக் கதிர்வீச்சு ஓயாது வெளிப்பட்டே தீரும் என்று கணிதம் கொண்டு காட்டினார். ஆயினும் சூரியனை ஒத்த நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் பத்துக் கோடியில் ஆறு பங்கே; ஆகாயமெங்கும் பரவியுள்ள ஆதி வெப்பமோ 2.7 கெல்வின். கருந்துளையின் அக்கதிர்வீச்சைத் தொலைநோக்கியால் காண்பதென்பது நடவாத காரியம்.

காண இயலாததற்கு ஒப்புமை ஒன்றைப் பூமியிலேயே அமைத்துப் பார்க்கலாமென்று 1981இல் வழிகாட்டியவர் வில்லியம் உன்ரூ. ஓடும் திரவத்தின் வேகம் அதனுள் ஒலி செல்லும் வேகத்தை ஓரிடத்தில் மிஞ்சுமாயின், அதற்கு அப்பால் எழும் ஒலி எதிரேறி வர மாட்டாது. கருந்துளையின் எல்லை ஒளிக்கு எப்படியோ, அவ்விடம் ஒலிக்கு அப்படியே. அலையின் போக்கை விதிக்கும் சமன்பாடும் ஈரிடத்தும் ஒரே வடிவினது. ஹைஃபா நகரத்து டெக்னியான் கழகத்தில் ஜெஃப் ஸ்டைன்ஹாவர், ரூபிடியம் அணுக்களைத் தனிப்பூஜ்யத்தை ஒட்டிய குளிருக்குக் கொண்டுவந்து, ஒலியே வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடச் செல்லாத அந்த விசித்திர வாயுவின் ஊடே லேசர் ஒளியாலாகிய படியொன்றை நகர்த்தி, இத்தகைய எல்லையை உண்டாக்கினார். எல்லையின் இருபுறமும் ஒலித்துகள்கள் இணையிணையாகப் பிறந்ததற்கான அடையாளத்தை 2016இல் வெளியிட்டார். அவற்றின் வெப்பநிலை ஹாக்கிங் கொள்கையோடு ஒத்திருப்பதை 2019இல் தம் குழுவினருடன் அறிவித்தார்.

இதனால் கருந்துளையின் கதிர்வீச்சு நிரூபணமாயிற்றா? மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்புண்டு, மடைப்பள்ளியிற்போல, என்பது நியாய நூலாரின் அனுமானம். ஹைஃபாவின் சோதனைக்கூடம் மடைப்பள்ளி, கருந்துளை மலை. மலைமேல் தெரிவது புகைதானா, மூடுபனியா என்ற ஐயத்தை, மடைப்பள்ளி அடுப்பை ஆயிரம் முறை சோதித்தாலும் தீர்க்க முடியாது. குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல் உலகுக்கும் ஒரு கர்த்தா உண்டென்று நையாயிகர் ஈசுவரனை நிறுவியபோது, குடத்தின் அமைப்பும் மலையின் அமைப்பும் பெயரளவில் ஒன்றேயன்றி ஒரே ஜாதியல்ல என்று பௌத்தராகிய தர்மகீர்த்தி 7ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆட்சேபம், இங்கும் அப்படியே பொருந்துவதைக் காண்கிறேன். ஆஸ்திகனாகிய எனக்கும் அவ்வாட்சேபம் மதிக்கத்தக்கதே. திரவத்தின் ஓட்டம் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு விதிக்கு உட்பட்டதன்று. ஆகவே இரண்டு எல்லைகளும் ஒரே இனமென்று கொள்வது நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டிக் கொள்வதாகுமென்று கேரன் க்ரௌதர் முதலிய இக்காலத் தத்துவ அறிஞரும் வாதிக்கின்றனர்.

எனினும் இச்சோதனையால் விளைந்த நன்மை பெரிது. ஹாக்கிங்கின் கணக்கு, அலையைப் பின்னோக்கித் தொடர்ந்து, நாமறிந்த பௌதிகம் செல்லாத அளவு நுண்மைக்கு இட்டுச்செல்வதால், அங்கே அது பொய்த்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. அணுக்களுக்கிடையே உள்ள தூரத்தினும் சிறிய அளவில் ஒலி என்பதே கிடையாது. அப்படிப்பட்ட வாயுவிலும் அக்கதிர்வீச்சு எழுவதைக் காணும்போது, அடியிலுள்ள நுண்மையின் இயல்பு எதுவாயினும் விளைவு மாறாதென்ற நம்பிக்கை வலுப்பெறுகிறது. கணக்கின் மீதிருந்த ஐயம் குறைந்தது என்பதே இதன் முழுப்பயன்; அதற்குமேல் சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. விண்ணிலுள்ள எந்தக் கருந்துளையினின்றும் ஹாக்கிங் கதிர்வீச்சை இன்றுவரை ஒருவரும் கண்டதில்லை.